நாலு எம்.எம். ஊசியும் ஒரு கண்டு நூலும்

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் 35 வருஷம் தையல் டீச்சராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகள் குரோஷா படிக்க வீட்டுக்கு வருகிறார்கள். இப்போது இரண்டு பையன்களும் வருகிறார்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, அக்காவின் குழந்தைக்குப் பின்னிய தொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். இளநீல உல்லன், நல்ல நூல், கண்ணிகள் எல்லாம் ஒரே சீர். மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். சிரட்டையைப் போல விறைத்து நின்றது. குழந்தையின் நெற்றியில் தடம் விழுந்ததால் அக்கா ஒரே நாளில் கழற்றி வைத்துவிட்டாளாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த ஊசியில போட்ட மக்ளே?" என்று கேட்டேன். 2.5 எம்.எம். ஊசியை எடுத்து நீட்டினாள். கடையில் அதைத்தான் கொடுத்தார்களாம். அந்த நூலில் தொப்பி போட 4.5 எம்.எம். வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு குற்றமும் இல்லை. ஊசி மாறிப்போயிற்று என்று சொல்ல ஆளில்லாததால் இரண்டு வார வேலை வீணாயிற்று. அன்று அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. முதல் நாள் ஊசி செட் வாங்காதீர்கள். இருபது ஊசி அடுக்கிய பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எதை எடுப்பது என்ற குழப்பமும் அந்தப் பெட்டியோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். ஒரே ஒரு 4 எம்.எம். ஊசி, கட்டைவிரல் வைக்கத் தட்டையான இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதோடு நடுத்தரப் பருமனில் வழவழப்பான நூல் ஒரு கண்டு. நிறம் வெளிறியதாக இருக்கட்டும்: மஞ்சள், இளம்பச்சை, ரோஸ் எதுவானாலும் சரி. கறுப்பும் கருநீலமும் வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விளக்கடியில் தடவிக்கொண்டிருப்பீர்கள். பூனைமுடி போலப் பஞ்சுபஞ்சாக நிற்கும் நூலும் கூடாது. அதில் தப்புப் போட்டால் பிரிக்க வராது, ஆரம்பத்தில் போடுவதைவிடப் பிரிப்பதுதான் அதிகமாக இருக்கும். அடுத்த ஊசி எது என்பதை நீங்கள் பின்ன ஆசைப்படும் பொருள் சொல்லும். அதுவரை பொறுங்கள்.

2. ஊசியின் அளவை எம்.எம். கணக்கில் மட்டும் மனதில் வையுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கப் புத்தகம் ஜி என்று எழுதும், எச் என்று எழுதும்; ஜி என்றால் 4 எம்.எம்., எச் என்றால் 5 எம்.எம். ஜப்பான் ஊசியில் 7/0 என்று இருந்தால் அது 4 எம்.எம். நம் பாட்டிமார் பெட்டியில் கிடக்கும் பழைய பிரிட்டிஷ் ஊசியில் 8 என்று வெட்டியிருந்தால் அதுவும் 4 எம்.எம்.தான். அதே பெட்டியில் 14 என்று ஒன்று இருக்கும். நம்பர் பெரிதாக இருப்பதால் தடித்த ஊசி என்று எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், அது வெறும் 2 எம்.எம்.

ஏன் இப்படித் தலைகீழ் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் நம்பர் கம்பி இழுக்கும் பட்டறைக் கணக்கிலிருந்து வந்தது. தடித்த கம்பியைத் துளைத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள். அதிகத் தடவை இழுத்த கம்பிக்கு நம்பர் ஏறும், பருமன் குறையும். அந்த நம்பர்தான் ஊசிக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. தறிக்காரர்களிடம் கேளுங்கள், 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நூல் மெலிது என்று உடனே சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் கவுண்ட். நூல் மெலிய மெலியச் சிட்டம் கூடும். குரோஷா பருத்தி நூலின் நம்பரும் இதே போக்குதான்: 10 தடிப்பு, 80 மெலிசு.

நம்பர் தேய்ந்துபோன ஊசி கைக்கு வந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஊசி அளக்கும் துளைத் தகடு கிடைக்கும். அது இல்லாவிட்டால் தெருமுனை லேத் பட்டறையில் வெர்னியர் வைத்திருப்பார்கள். அரை நிமிஷத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். என் பழைய ஊசிகளை அப்படித்தான் அளந்து, ஒவ்வொன்றின் பிடியிலும் நகப்பாலிஷால் எழுதி வைத்திருக்கிறேன்.

3. அளப்பது எந்த இடத்தில் என்பதும் முக்கியம். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் கொக்கி. அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. அதற்கும் கீழே நேராக உருண்டு வரும் தண்டு. பிறகு கட்டைவிரல் தட்டை, அப்புறம் பிடி. ஊசியின் அளவு என்பது தண்டின் பருமன். நூல் கண்ணி தண்டில் ஏறி உட்கார்ந்தால்தான் அது சரியான அளவுக்கு விரியும். புதிதாகப் பின்னுகிறவர்கள் பயத்தில் கழுத்திலேயே கண்ணியை வைத்துப் பின்னுவார்கள். 4 எம்.எம். ஊசியைப் பிடித்துக்கொண்டு 3 எம்.எம். துணி செய்வார்கள். "டீச்சர், ஊசி உள்ள போக மாட்டேங்குது" என்ற புகாரில் பாதி இதனால் வருவது. பெரிய ஊசி வாங்க ஓடும் முன் கண்ணியைத் தண்டுக்குத் தள்ளிப் பாருங்கள்.

கொக்கியிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கொக்கியின் தலை தண்டுக்குச் சரிமட்டமாக இருக்கும், வாய் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். மற்றொன்றில் கழுத்து சரிந்து ஒடுங்கி, தலை உருண்டையாக முன்னால் வரும். எது நல்லது என்று என்னைக் கேட்டால், இறுக்கமாகப் பின்னுகிற கைக்கு ஒடுங்கிய கழுத்து வழுக்கிக்கொண்டு போகும். கண்ணி அளவு நிலையாக நிற்க வேண்டும் என்றால் சரிமட்டம் உதவும். நான் சரிமட்டத்தின் பக்கம். ஆனால் ஒன்று கட்டாயம்: ஒரு ஊசியில் தொடங்கிய வேலையை அதே ஊசியில் முடியுங்கள். வேறு கம்பெனியின் 4 எம்.எம். ஊசிக்கு மாறினால்கூட வரிசை நடுவில் துணி மாறித் தெரியும்.

4. நூலின் லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள். அதில் சின்னச் சின்னப் படமாக எல்லாம் எழுதியிருக்கும். குறுக்காக வைத்த இரண்டு குச்சிப் படம் நிட்டிங் ஊசிக்கு. கொக்கிப் படம் நமக்கு. கொக்கிப் படமே இல்லாமல் குச்சிப் படத்தின் அளவு மட்டும் இருந்தால், அதைவிட அரை எம்.எம். முதல் ஒரு எம்.எம். வரை பெரிய குரோஷா ஊசியில் தொடங்கலாம்.

வெளிநாட்டு லேபிளில் நூல்கண்டு படத்துக்குள் 0 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். அமெரிக்க நூல் கவுன்சில் வகுத்த பருமன் வரிசை அது. 0 என்பது லேஸ் நூல். 1 என்றால் 2.25 முதல் 3.5 எம்.எம். ஊசி, 2 என்றால் 3.5 முதல் 4.5, 3 என்றால் 4.5 முதல் 5.5, 4 என்றால் 5.5 முதல் 6.5 என்று போகும். 7-ஆம் வகை நூலுக்கு 15 எம்.எம்.-க்கு மேல், ஏறக்குறைய பூரிக்கட்டைப் பிடி அளவுக்கு ஊசி வேண்டும். இந்தக் கணக்கு என் கைக்குக் கொஞ்சம் தாராளம். 3-ஆம் வகைக்கு நான் 4 எம்.எம். எடுப்பேன், பிரிட்டிஷ் லேபிள்களும் அதே பருமனுக்கு 4 என்றுதான் போடுகின்றன. ஆகவே லேபிள் அளவைத் தொடங்கும் இடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ளை என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். ப்ளை என்றால் எத்தனை புரி சேர்த்து முறுக்கியது என்பது மட்டும்தான். நாலு மெலிந்த புரி சேர்ந்தால் மெலிந்த நூல், ஒரே தடித்த புரி தடித்த நூல். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 4 ப்ளை, 8 ப்ளை என்பதையே பருமனின் பெயராகப் பழகிவிட்டார்கள். நம் கடைகளில் அந்தப் பழக்கம் பாதியும் இல்லாத பழக்கம் பாதியுமாகக் கிடக்கிறது. கேட்டு வாங்காமல் தொட்டு வாங்குங்கள்.

5. லேபிளே இல்லாமல் எடை போட்டு விற்கிற உல்லன்தான் நம் ஊரில் அதிகம். லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூல் பாக்கெட்டுகளில் பலவற்றில் ஊசி அளவே இருக்காது. அதற்கு ஸ்கேல் போதும். நூலை ஸ்கேலின்மேல் பக்கத்தில் பக்கமாகச் சுற்றுங்கள். இழுக்கவும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, நடுவில் இடம் விடவும் கூடாது. ஒரு அங்குலத்துக்குள் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒன்பது, பத்து வந்தால் 5 அல்லது 5.5 எம்.எம். ஊசியில் தொடங்குங்கள். பன்னிரண்டை ஒட்டி வந்தால் 4 அல்லது 4.5. பதினைந்து, பதினாறைத் தாண்டினால் 3 எம்.எம். பக்கம் இறங்குங்கள்.

என் அம்மாவுக்கு ஸ்கேலும் தெரியாது, எம்.எம்.மும் தெரியாது. நூலைக் கொக்கியின் வாயில் படுக்க வைத்துப் பார்ப்பார். வாய்க்குள் நூல் அடங்கிப் படுத்தால் ஊசி சரி. பிதுங்கி வெளியே நின்றால் ஊசி சின்னது. உள்ளே நூல் உருண்டு விளையாடினால் ஊசி பெரிது. கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது. இன்றைக்கும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

6. இப்போது எல்லாவற்றிலும் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நூலுக்கு ஏற்ற ஊசி என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான். நூலைப் பார்த்தால் எந்த ஊசிகளுக்குள் தேடுவது என்று தெரியும். பின்னப் போகிற பொருளைப் பார்த்தால்தான் அவற்றில் எது என்று தெரியும். ஒரே நூல்கண்டிலிருந்து நாலு பொருள் செய்தால் நாலு ஊசி வேண்டியிருக்கும்.

அந்த நீலத் தொப்பியை எடுத்துக்கொள்வோம். 2.5 எம்.எம். ஊசியில் அந்தப் பிள்ளை அதே நூலால் ஒரு யானைப் பொம்மை பின்னியிருந்தால் நான் மெச்சியிருப்பேன். பொம்மைக்குத் துணி விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். கண்ணிக்கு நடுவில் ஓட்டை விழுந்தால் உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்க்கும், குழந்தை பிய்த்து வாயில் வைக்கும். ஆகவே பொம்மை என்றால் லேபிள் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை எம்.எம். குறைத்து எடுக்க வேண்டும். கை வலிக்கும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

பைக்கும் ஊசி சின்னதாக வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் தடித்த பருத்தி நூலில் ஒரு சந்தைப் பை பின்னினேன். சீக்கிரம் முடிய வேண்டும் என்று 6 எம்.எம். ஊசி. வலை போல அழகாக வந்தது. வடசேரி சந்தையில் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கும் ஒரு தேங்காயும் வாங்கிப் போட்டேன். வீட்டுக்கு வரும்போது பை முழங்காலுக்குக் கீழே இறங்கித் தெருவைத் தொட்டுக்கொண்டிருந்தது. பருத்தி நூலுக்கு உல்லனைப் போலத் திரும்பச் சுருங்கும் குணம் குறைவு. கனம் இழுத்தால் இழுத்தபடி நிற்கும். அடுத்த பையை 3.5 எம்.எம். ஊசியில் போட்டேன், கைப்பிடியை மட்டும் 3 எம்.எம். ஊசியில். அந்தப் பை பத்து வருஷம் உழைத்தது.

சால்வைக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். லேபிள் 3.5 சொல்லும் மெல்லிய நூலை 5 எம்.எம். ஊசியில் பின்னிப் பாருங்கள். முதல் பத்து வரிசை வலைக்கந்தல் போல இருக்கும், மனசு விட்டுப்போகும். முடித்து, நனைத்து, பாயில் விரித்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால் இலை நரம்பு போல டிசைன் விரிந்து எழும். கம்பளி நூலும் பருத்தியும் இதற்கு நன்றாக இணங்கும், அக்ரிலிக் அவ்வளவாக இணங்காது. நம் தட்பவெப்பத்துக்கு மேலே போர்த்துகிற எதுவும் காற்றோட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், சால்வைக்கு ஊசி பெரிதாகப் போய்விட்டதே என்று நான் வருத்தப்பட்டதே இல்லை.

தொப்பி, குழந்தைச் சட்டை, காலுறை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில். பின்னிய துண்டை மணிக்கட்டின்மேல் போடுங்கள். இரண்டு பக்கமும் வழிந்து தொங்கினால் உடுப்புக்கு ஆகும். அட்டை போல நீட்டிக்கொண்டு நின்றால் ஊசியை அரை எம்.எம். ஏற்றுங்கள். பிறகு அந்தத் துண்டை உங்கள் கழுத்தில் ஐந்து நிமிஷம் சுற்றி வையுங்கள். உங்களுக்கு உறுத்தினால் குழந்தைக்கு அதைவிட உறுத்தும்.

7. மாதிரித் துண்டு போடாமல் பெரிய வேலை தொடங்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள் என்று பிள்ளைகள் குறைபட்டுக்கொள்வார்கள், படட்டும். கை ஆளுக்கு ஆள் மாறும். சிலர் கண்ணியைக் கீழே இழுத்து இறுக்குவார்கள், சிலர் மேலே தூக்கித் தளர்த்துவார்கள், சிலர் இரண்டும் செய்யாமல் அப்படியே விடுவார்கள். ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்து மூன்று பேரை உட்கார வைத்தால் மூன்று அளவுத் துணி வரும். அதில் தப்பும் இல்லை. ஊசியை மாற்றி அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசைக்குமேல் அந்தப் பாசாங்கு நிற்காது.

பதினைந்து சென்டிமீட்டர் சதுரம் பின்னுங்கள். துவைத்துக் காயவிடுங்கள். ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். புத்தகம் 16 கண்ணி கேட்கிறது, உங்களுக்கு 18 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 80 கண்ணி போட்டு 50 சென்டிமீட்டர் வர வேண்டிய முன்பக்கம் ஏறக்குறைய 44.5 சென்டிமீட்டரில் நின்றுவிடும். முன்னும் பின்னும் சேர்த்தால் 11 சென்டிமீட்டர் குறைவு. அந்தச் சட்டை யாருக்கும் ஏறாது. கண்ணி கூடுதலாக வந்தால் பெரிய ஊசி, குறைவாக வந்தால் சின்ன ஊசி. அரை அரை எம்.எம். ஆகத்தான் மாற்ற வேண்டும்.

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூடி 11,148 சதுர மீட்டருக்கு ஒரு குரோஷா போர்வையை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அத்தனை கைகளில் பின்னிய துண்டுகள் ஒன்றோடொன்று ஓரம் சேர்ந்ததே என்பதுதான். எத்தனை பேர் எத்தனை தடவை அளந்து, பிரித்து, மறுபடி போட்டிருப்பார்கள்! வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு போர்வை பின்னினாலும் இதேதான். ஆளுக்கொரு ஊசி அளவு வைத்துக்கொள்ளுங்கள், துண்டின் அளவு ஒன்றாக வரட்டும்.

8. அடிச்சங்கிலி இறுகி, துணி கீழே சுருங்கி மேலே விரிந்து விசிறியாக வருகிறதா? சங்கிலியை மட்டும் அரை எம்.எம். பெரிய ஊசியில் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து உங்கள் ஊசிக்குத் திரும்புங்கள்.

9. புத்தகம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் குரோஷா என்பது அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள். பிரிட்டிஷ் ட்ரெபிள் அங்கே டபுள். இது தெரியாமல் பின்னினால் துணி உயரமும் தளர்ச்சியும் மாறிவிடும், நீங்கள் ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

10. இரண்டு நூலைச் சேர்த்துப் பின்னும்போது ஊசியையும் இரட்டிப்பாக்காதீர்கள். 3 எம்.எம். ஊசியில் பின்னும் நூலை இரட்டையாக எடுத்தால் 6 வேண்டாம், 4 அல்லது 4.5 போதும். இரண்டு நூல் சேர்ந்தால் கூடுவது குறுக்குவெட்டின் பரப்பு. விட்டம் ஒன்றே கால், ஒன்றரை மடங்கு அளவில்தான் கூடும். கணக்கு டீச்சராக இருந்த என் சினேகிதிதான் இதைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். அதுவரை நான் அனுபவத்தில் மட்டும் வைத்திருந்தேன்.

11. மெல்லிய பருத்தி நூலுக்கு இரும்பு ஊசி வேண்டும். நம்பர் 10 நூலுக்கு 1.5 முதல் 1.75 எம்.எம்., 20-க்கு 1.25 முதல் 1.5, 40-க்கு 1 எம்.எம்., 60-க்கும் 80-க்கும் 0.9-இலிருந்து 0.6 வரை. கைக்குட்டை ஓரம் போடுகிறவர்கள் கூர்மையான தலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். துணியைக் குத்தி நுழைய வேண்டும். 4 எம்.எம். ஊசியில் கை சமமாக ஓடத் தொடங்கிய பிறகு நம்பர் 10, அதற்குப் பிறகு 20 என்று படிப்படியாக இறங்குங்கள். நேரே 60-இல் குதித்தவர்கள் குரோஷாவையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் லேஸுக்குப் பெயர் போனது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன் பெண்கள் இங்கே அதைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அது தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை. கொக்கி ஊசி வேலை வேறு. கொக்கி ஊசி லேஸ் என்றால் கோதாவரிக் கரை நரசாபுரத்தைச் சொல்ல வேண்டும். அங்கேயும் மிஷனரிகள் வழியாக வந்ததுதான். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியபோது, கார்க் பக்கத்துக் கன்னியர் மடங்களில் இந்த ஊசி வேலையைச் சொல்லிக் கொடுத்து எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சிக்கு வழி செய்தார்கள். நரசாபுரத்துப் பெண்களின் கதை அவ்வளவு இனிமையானது அல்ல. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கப் பின்னும் பெண்களின் வேலையைப் பொழுதுபோக்கு என்று சொல்லிச் சொல்லியே கூலி எப்படிக் குறைக்கப்பட்டது என்பதைத்தான் அதில் காட்டினார். 1 எம்.எம். ஊசியில் ஒரு சாண் டாய்லி பின்னிப் பார்த்தவர்கள், கையால் செய்த லேஸைக் கடையில் பேரம் பேச மாட்டார்கள் என்று நம்புகிறேன். தயவுசெய்து பேசாதீர்கள்.

மெல்லிய வேலைக்குப் பகல் வெளிச்சம்தான் நல்லது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். மடியில் கறுப்புத் துணி விரித்தால் வெள்ளைக் கண்ணி எடுப்பாகத் தெரியும்.

12. ஊசி எதில் செய்தது என்பது அளவுக்கு அடுத்தபடிதான். அலுமினியம் வழுக்கும், வேகம் வரும். மூங்கில் நூலைப் பிடித்து வைக்கும். கண்ணி நழுவுகிறது என்று தவிப்பவர்களுக்கு ஏற்றது. பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் நூல் கிறீச்சிடும். இரும்பு ஊசி நம் கடல்காற்றில் துருப்பிடித்துவிடும். துரு வெள்ளை நூலில் ஏறினால் போகவே போகாது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுத் துடைத்து, துணியில் சுற்றி வையுங்கள். எடுக்கும்போது எண்ணெய் போகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் கை வேர்த்து நூல் ஒட்டினால் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசிக்கொள்ளலாம்.

13. ஊசி சரியில்லை என்று வேலையே சொல்லும். கண்ணிக்குள் கொக்கியை நுழைக்க ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் ஊசி சின்னது. நூலின் புரியைப் பிளந்துகொண்டு பாதி நூல் மட்டும் கொக்கியில் வந்தாலும் பெரும்பாலும் அதுதான் காரணம். விரலை வைத்தால் கண்ணி வழியே மறுபக்கம் போனால், அதுவும் நீங்கள் வலை பின்னவில்லை என்றால், ஊசி பெரிது. மணிக்கட்டோ கட்டைவிரல் அடியோ வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். ஊசியின் பிடி மெல்லியதாக இருந்தால் அதன்மேல் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். வலியோடு பின்னாதீர்கள் மக்களே. நான் அப்படிப் பின்னி, ஒரு வருஷம் வலது கையால் தேங்காய் துருவ முடியாமல் இருந்தேன்.

தப்பு என்று தெரிந்ததும் பிரித்துவிடுங்கள். இன்னும் நாலு வரிசை போனால் சரியாகும் என்று நினைத்துப் போன யாருக்கும் சரியானதில்லை. அந்தத் தொப்பியை நாங்கள் இருவரும் சேர்ந்தே பிரித்தோம். அவள் இழுக்க இழுக்க நான் சுற்றினேன். நூல் சுருட்டை முடி போல வந்தது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, எடுத்து நனைத்து, நிழலில் தொங்கவிட்டதும் நேராகிவிட்டது. 4.5 ஊசியில் மறுபடி போட்டிருக்கிறாள். முதல் தொப்பிக்கு இரண்டு வாரம், இதற்கு நாலு நாள்.

14. ஒவ்வொரு வேலையோடும் ஒரு அட்டைத் துண்டு கட்டி வையுங்கள். நூல் எது, நிறம் எண் என்ன, ஊசி எத்தனை எம்.எம்., எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதுங்கள். மாதிரித் துண்டையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது. பிள்ளைக்குப் பரீட்சை வரும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும், வேலை பாதியில் பெட்டிக்குள் போகும். எடுத்துப் பார்க்க எட்டு மாதம் ஆகலாம்.

என் அம்மா கோயில் பீடத்துக்கு என்று ஒரு விரிப்பைத் தொடங்கி, முக்கால் பங்கு முடித்த நிலையில் போய்ச் சேர்ந்தார்கள். நம்பர் 40 வெள்ளை நூல், திராட்சைக் கொடி ஓரம். எந்த ஊசியில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுடைய ஊசிகளில் ஒன்றிலும் நம்பர் இல்லை. லேத் பட்டறையில் அளந்தேன், 0.9 ஒன்று, 1 ஒன்று, 1.25 ஒன்று. மூன்றிலும் நாலு நாலு வரிசை போட்டுப் பார்த்தேன். 1.25-இல் நான் போட்டது அம்மாவின் வரிசைக்கு மிகவும் பக்கத்தில் வந்தது. அம்மா என்னைவிடத் தளர்வாகப் பின்னியிருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஊசியிலேயே மீதியை முடித்துக் கோயிலில் கொடுத்தேன். பெருநாள்களுக்கு இன்னும் விரிக்கிறார்கள். பீடத்துக்கு இடது பக்கம் நின்று உற்றுப் பார்த்தால், கொடியில் அம்மா கை முடிந்து என் கை தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும்.